வியாழன், நாலு பத்து

விளக்கு அணைந்தது.

சுந்தர் ஈரச் சட்டைகளோடு இருட்டில் நின்றான். அந்தக் கட்டடத்தின் நிலவறையில் விளக்கு மூன்று நிமிடம்தான் எரியும். பிறகு சுவரிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். குடிவந்த இரண்டு வாரத்தில் அது பழகியிருந்தது. இந்த முறை அழுத்தியும் எரியவில்லை. துணி உலர்த்தும் இயந்திரமும் நின்றிருந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது... இங்கே இன்னொரு சத்தம் இருந்தது. பக்கத்து அறையிலிருந்து, மூச்சு விடுவதுபோல் ஓர் இரைச்சல். வந்த நாள் முதல் கேட்டுக்கொண்டே இருந்தது. நின்ற பிறகுதான் அது இருந்ததே தெரிந்தது.

படிகளில் யாரோ ஓடி வந்தார்கள். கைவிளக்கின் ஒளி அவன் முகத்தில் விழுந்தது. டேனிஷில் கோபமாக ஏதோ கேட்டது ஒரு பெண் குரல்.

“ஐயோ... கண்ணு கூசுதுங்க.”

ஒளி தாழ்ந்தது.

“தமிழோ? அப்ப தமிழிலயே கேக்கிறன். உங்கட பூட்டு எங்க?”

“என்ன பூட்டு?”

அவள் ஒளியைச் சுவரின் பக்கம் திருப்பினாள். நாட்களும் மணிகளும் குறித்த ஒரு பலகை. வீட்டு எண் பொறித்த சின்னப் பூட்டை அவரவர் தங்கள் நேரத்தில் மாட்ட வேண்டும். செவ்வாய், மாலை ஐந்து மணியில் பூட்டே இல்லை.

“பூட்டும் போடேல்ல. எல்லா மெஷினையும் ஒண்டாப் போட்டு பியூசையும் எரிச்சாச்சு. நல்லாத்தான் குடி வந்திருக்கிறீங்கள்.”

“வெளியில மழைங்க. சட்டை காயணும்ல?”

“இங்க எப்ப மழை இல்லை?”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பழகிய கையோடு பியூசை மாற்றினாள். விளக்கு எரிந்தது. நீளமான கண்கள். இமைகளில் மழைத்துளி இன்னும் இருந்தது. ஆனால் அந்தக் கண்கள் அவனைப் பார்க்கவில்லை. பக்கத்து அறைக் கதவைப் பார்த்தன.

அவள் அதைத் திறந்தாள். பழைய சைக்கிள்களுக்கு நடுவே, அலமாரியில் ஒரு சாம்பல் நிறக் கணினி. பொத்தானை அழுத்திவிட்டு, காய்ச்சல் பார்ப்பதுபோல் அதன்மேல் கையை வைத்துக் காத்திருந்தாள்.

இரைச்சல் மீண்டும் வந்தது. அவளும் மூச்சு விட்டாள்.

*

அவள் பெயர் நிலுஷா. அதை அவன் ஐந்து நாள் கழித்து, அதே அறையில், டென்மார்க்கின் பிராண்டே நகரத் தமிழர் ஒன்றியத் தலைவர் சபாரத்தினம் சொல்லித் தெரிந்துகொண்டான். காற்றாலைத் தொழிற்சாலைக்கு ஒரு கணினி இஞ்சினியர் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கிறார் என்று அவர் காதுக்கு எட்டியிருந்தது.

“தம்பி, வியாழக்கிழமையில நாங்கள் இந்தப் பெட்டியில இருந்து ஈமெயிலில ஒரு மடல் அனுப்புறனாங்கள். நிலுஷாதான் அதை அனுப்புறவ. நானூற்றிப் பன்னிரண்டு பேருக்கு. ஒருத்தருக்கும் ஒழுங்காப் போய்ச் சேருதில்லை. எல்லாம் ஸ்பாமுக்குள்ள கிடக்குது.”

அது 2009 ஏப்ரல். ஜனவரி வரை மடலில் தமிழ்ப்பள்ளி நேரமும் கோயில் விசேஷமும் வந்தன. பிறகு பெயர்கள் மட்டுமே வந்தன. வன்னியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்கள். முகாமுக்கு வந்தவர்கள். தேடப்படுகிறவர்கள். ஒடென்சே நகரில் வசிக்கும் செசிலியா என்பவருடைய தங்கையின் பெயரும் வந்தது. செசிலியா அதைப் பார்த்தது பன்னிரண்டு நாள் கழித்து, மின்னஞ்சலின் குப்பைப் பெட்டியில். அதற்குள் தங்கையை ஆஸ்பத்திரியிலிருந்து எங்கோ மாற்றிவிட்டார்கள்.

சுந்தர் பட்டியலைப் பார்த்தான். முப்பத்தேழு முகவரிகள் கிளிநொச்சியின் ஒரு கணினிப் பள்ளிக்கு உரியவை. அந்தப் பள்ளியின் கணினி ஜனவரி முதல் பதில் சொல்லவில்லை. இந்தக் கணினி விடவில்லை. மணிக்கொரு முறை, ஐந்து நாள், போய்த் தட்டியது. வியாழன் வந்ததும் மறுபடி முதலிலிருந்து.

“ஆள் இல்லாத வீட்டையே தட்டிக்கிட்டு இருந்தா, தெருவுல மத்தவங்க சந்தேகப்படுவாங்க. அதான் நம்ம மடலை ஸ்பாம்ல தள்றாங்க. ரெண்டு வழி இருக்கு சார். இந்த சர்வரையே வெச்சுக்கிட்டு இந்த அட்ரஸ எல்லாம் எடுக்கலாம். இல்ல, மடல் அனுப்புற கம்பெனி ஒண்ணுகிட்ட குடுக்கலாம். அவங்களுக்கு நல்ல பேர் இருக்கு, கண்டிப்பா போய்ச் சேரும். ஆனா ரூல் கடுமை. ஒவ்வொருத்தரும் ஒரு தடவை பட்டனை அழுத்தி, இந்த மடல் எனக்கு வேணும்னு சொல்லணும். சொல்லாதவங்க பேர் போயிடும்.”

“ஏலாது” என்றாள் நிலுஷா.

“ஏன்?”

“எங்கட சனத்தின்ர பெயர் எல்லாத்தையும் ஆரோ கொம்பனிக்காரன்ர கையில குடுக்கவோ? எவன் பாப்பான் எண்டு தெரியுமோ?”

நியாயமான கேள்விதான். அவனும் தலையசைத்தான். ஆனால் அவள் கை கணினியின் மேலேயே இருந்தது... காரணம் அது மட்டுமல்ல.

சபாரத்தினம் போன பிறகு அவள் திரையில் ஒரு பெயரைக் காட்டினாள். லோஜன். பெயரின் கீழ் தேதிகள். மடல் திறக்கப்பட்டது, வியாழன், மாலை நாலு பத்து. அடுத்த வியாழன், நாலு பத்து. நாலு பதினொன்று. நாலு பத்து.

“என்ர அண்ணா. இந்தப் பெட்டியைக் கட்டினவரே அவர்தான். அஞ்சு வருசத்துக்கு முதல் கிளிநொச்சிக்குப் போனவர், பிள்ளையளுக்குக் கொம்பியூட்டர் படிப்பிக்க. அந்த முப்பத்தேழும் அவரிட்டப் படிச்ச பிள்ளையள். ஜனவரிக்குப் பிறகு போன் இல்லை. கடிதம் இல்லை. ஆனா மடலை வாசிக்கிறார். பெப்ரவரியில இருந்து ஒவ்வொரு வியாழனும். ஏப்ரல் ஒன்பது மட்டும் இல்லை... அண்டைக்கு ஷெல்லடி கூடவாம்.”

விளக்கு அணைந்தது. கணினியின் பச்சைப் புள்ளி மட்டும் மினுங்கியது. மின்சாரமும் இல்லாத, குண்டு விழும் ஓர் இடத்திலிருந்து, நிமிடம் தவறாமல்...

“எங்கருந்து திறக்குறார்னு பார்த்தீங்களா?”

“இல்லை.”

“பார்க்கலாம். திறக்குற கம்ப்யூட்டரோட நம்பர் ஒண்ணு பதிவாகும்.”

“அது எனக்குத் தெரியாதோ?” என்றது இருட்டுக்குள் அவள் குரல்.

*

அவன் செவ்வாய்தோறும் தன் பூட்டை மாட்டிவிட்டுத் துவைத்தான். அவள் வந்து படியில் உட்கார்ந்து கதைத்தாள்.

“நாலு சட்டைதான் இருக்கோ உங்களிட்ட? வாராவாரம் அதையே தோய்க்கிறீங்கள்.”

“அஞ்சு. ஒண்ணு உங்க பியூசோட எரிஞ்சுபோச்சு.”

“பொய்!”

அவள் சிரித்தால் ஒரு கன்னம் மட்டும் குழியும். அதைப் பார்க்க அவனுக்கு மூன்று நிமிடம் கிடைக்கும். பிறகு இருட்டு. முறை வைத்து இருவரும் எழுந்துபோய்ப் பொத்தானை அழுத்தினார்கள்.

காலையில் அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். அவளுடைய அப்பா நவரத்தினம் காற்றாலை இறகு செய்யும் பிரிவில் இருபது வருடம். லோஜன் புறப்பட்ட அன்று, “எனக்கு ஒரு பிள்ளைதான்” என்று சொன்னவர். அதன் பிறகு வீட்டில் அந்தப் பெயரை யாரும் உச்சரித்ததில்லை.

“அண்ணா வாசிக்கிறார் எண்டு அவருக்குச் சொல்லேல்ல. சொன்னா எழும்பிப் போயிடுவார்.”

மே மாதம் பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை, போர் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். பிராண்டே தெருக்களில் மழை பெய்தது. தமிழ் வீடுகளில் தொலைக்காட்சி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

வியாழன் சுந்தருக்கு விடுமுறை. பகலிலேயே நிலவறைக்குப் போனான். அவள் முன்பே அங்கே இருந்தாள். திரையின் முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நாலு மணி. நாலு பத்து. நாலு இருபது. விளக்கு அணைந்தபோதெல்லாம் அவனே எழுந்து அழுத்தினான்.

ஐந்து மணி. லோஜனின் பெயருக்குக் கீழ் ஒன்றும் வரவில்லை.

அவள் அழவில்லை. “மாத்துங்கோ” என்றாள். “கொம்பனிக்கே குடுங்கோ. முகாமில இருந்து ஆயிரக்கணக்கில பெயர் வரப் போகுது. இருக்கிற சனத்துக்காவது மடல் போய்ச் சேரட்டும்.”

அவன் மாற்றினான். எல்லோருக்கும் ஒரு கேள்வி போனது. இந்த மடல் உங்களுக்கு வேண்டுமா? வேண்டுமென்றால் அழுத்துங்கள். ஒரு வாரத்தில் முந்நூறு பேர் அழுத்தினார்கள். அழுத்தாதவர்களில் அந்த முப்பத்தேழு பேரும் இருந்தார்கள்.

அடுத்த வியாழன் மாலை அவன் கதவு தட்டப்பட்டது. அவள் குடையில்லாமல் நின்றாள். முகம் முழுக்க மழை. அவன் கையைப் பிடித்தாள்.

“அமத்தியிருக்கிறார்! சுந்தர், அண்ணா அமத்தியிருக்கிறார்! நாலு பத்துக்கு!”

அவள் கை குளிர்ந்திருந்தது. அவன் விடவில்லை. அவள் கண்களைப் பார்த்தான்... அந்த ஒரு நிமிடம் அவனும் நம்பினான்.

மறுநாள் அலுவலகச் சுவரில் நாட்காட்டி தொங்கியது. மே இருபத்தொன்று சிவப்பில். கிறிஸ்து விண்ணேறிய நாள். தனக்கு விடுமுறை கிடைத்த அதே வியாழன். அவன் ஏப்ரலுக்குத் தாளைப் புரட்டினான். ஒன்பதாம் தேதி சிவப்பு. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன்.

வன்னியில் இருப்பவன் டென்மார்க்கின் விடுமுறை நாட்களில் ஏன் மடல் வாசிக்காமல் இருக்க வேண்டும்?

லோஜனின் மடலைத் திறந்த கணினியின் எண்ணை அவன் தேடிப் பார்த்தான். பிராண்டே நூலகம்.

*

ஆறு நாள் அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். இரண்டு கன்னமும் குழியும்போல் சிரித்தாள். அவன் பூட்டை மாட்ட மறந்தான்.

வியாழன், நாலு மணிக்கு நூலகத்துக்குள் போனான். ஜன்னலோரக் கணினியில் நிலுஷாவின் அப்பா நவரத்தினம் உட்கார்ந்திருந்தார்; தொழிற்சாலையில் பார்த்த முகம். வேலை உடுப்போடு. சட்டைக் கையில் கண்ணாடி இழைத் தூசி. திரையில் மடல் திறந்திருந்தது. காணாமற்போனவர்களின் பெயர்களில் ஒரு விரலை வைத்து, ஒன்றையும் விடாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். மேசையில் மடித்து மடித்துக் கிழிந்த ஒரு துண்டுத் தாள். அதில் லோஜனின் மின்னஞ்சல் முகவரியும் ஒரு கடவுச்சொல்லும்.

“அங்கிள்...”

அவர் திடுக்கிடவில்லை. “போகேக்க எழுதித் தந்திட்டுப் போனவன். கடிதம் வந்தா பாருங்கோ அப்பா எண்டு. நான் அண்டைக்கு அவனோட கதைக்கேல்ல.” தாளை மடித்தார். “அமத்தாட்டி அவன்ர பேரை எடுத்திடுவினம் எண்டு கிடந்தது. அமத்தினன். பிழையோ தம்பி?”

“லோஜன் பேர்ல வர்ற மடலை யாரோ திறக்குறது நிலுஷாவுக்குத் தெரியும் அங்கிள். யாருன்னு தெரியாது. அண்ணன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க.”

அவர் விரல் திரையிலிருந்து விழுந்தது.

“சிரிக்கிறாள்... ஏன் எண்டு நினைச்சனான்” என்றார். பிறகு, “சொல்லாதேயும். ஒரு கிழமை பொறும்.”

“என்னால முடியாது அங்கிள்.”

அவன் நேரே நிலவறைக்குப் போனான். அவள் கணினியின் முன்னால் இருந்தாள். சொன்னான். விடுமுறை நாட்கள், எண், நூலகம், துண்டுத் தாள். எல்லாம்.

“அப்பாவோ?” என்றாள். நம்பாமல் மறுபடியும், “எங்கட அப்பாவோ?”

“ஆமா.”

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“போன வெள்ளிக்கிழமை. நம்பர் மட்டும். ஆள் யாருன்னு இன்னிக்குத்தான்...”

“ஆறு நாள். ஆறு நாள் என்ர முகத்தைப் பார்த்துச் சிரிச்சுக் கதைச்சனீங்கள்.”

விளக்கு அணைந்தது. அவன் பொத்தானை அழுத்தியபோது அவள் அங்கே இல்லை.

*

இரண்டு செவ்வாய்க்கிழமைகள் அவள் வரவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் இரைச்சல் மட்டும் கேட்டது.

அவன் ஒரு காரியம் செய்தான். மடலுக்குத் தன் பெயரைப் பதிந்தான். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது, அவனே அமைத்த கேள்வி. ஏன் இந்த மடல் வேண்டும்? எழுதினான். அழித்தான். மறுபடி எழுதி, யோசிக்கும் முன் அழுத்திவிட்டான்.

வியாழன் மடல் அவனுக்கும் வந்தது. தேடப்படுகிறவர்கள் பகுதியில் கடைசிப் பெயர் புதிது. நவரத்தினம் லோஜன், வயது இருபத்தொன்பது, பிராண்டே. தேடுகிறவர்கள்: தந்தை, தங்கை.

அதை அவன் பலமுறை வாசித்தான்.

அடுத்த செவ்வாய், மாலை ஐந்து மணி. துணி சுழன்றுகொண்டிருந்தது. அவள் படியிறங்கி வந்து, வழக்கமான படியில் உட்கார்ந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

“அப்பாவும் நானும் ஒண்டா இருந்துதான் அந்தப் பெயரை எழுதினனாங்கள். வயசை அவர்தான் சொன்னவர். பிறந்த நேரம்கூடச் சொன்னவர்.” சட்டைகள் சுழல்வதைப் பார்த்தாள். “இப்ப அவர் நூலகத்துக்குப் போறேல்ல. வீட்டிலதான் திறக்கிறவர்.”

கதவுக்குப் பின்னால் இரைச்சல் ஏறி இறங்கியது.

“சர்வரை இன்னும் நிறுத்தலையா?”

“நிப்பாட்ட வந்தனான். ஏலேல்ல. முப்பத்தேழு பேரையும் அதிலயே விட்டிட்டன். அவைக்கு மட்டும் போகட்டும். மற்றவைக்குக் கொம்பனி. அண்ணான்ர பிள்ளையளுக்கு அண்ணான்ர பெட்டி.”

மணிக்கொரு முறை, யாரும் இல்லாத பள்ளிக்கூடத்தின் கதவைத் தட்டும் அந்தச் சத்தத்தை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிறுத்தச் சொல்லச் சுந்தருக்கு மனம் வரவில்லை.

“உங்கட படிவமும் பாத்தனான்” என்றாள் அவள், கீழே பார்த்தபடி.

அவன் காது சூடாயிற்று. “ஓ...”

“ஏன் இந்த மடல் வேண்டும்... அனுப்புகிறவரைப் பிடித்திருக்கிறது.” ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். “கொம்பனிக்காரன்ர கையில இப்பிடியோ எழுதிக் குடுக்கிறது? எவன் பாப்பான் எண்டு தெரியுமோ?”

“பார்த்தது நீங்கதானே?”

“ஓம்.”

ஒரு கன்னம் மட்டும் மெல்லக் குழிந்தது.

“அப்பா உங்களைச் சாப்பிட வரச் சொன்னவர். வியாழக்கிழமை. நாலு பத்துக்குப் பிறகு.”

“அப்பா சொன்னது சரி. நீங்க...? நான் எழுதினதுக்கு?”

விளக்கு அணைந்தது. அவளுடைய முறை. அவள் எழவில்லை. அவனும் எழவில்லை. குளிர்ந்த விரல்கள் இருட்டில் அவன் கையைத் தேடி வந்தன.

“அதுக்கும் ஓம்” என்றாள் நிலுஷா.