வேலி தாண்டிய மாங்கொப்பு

தாரிகாவுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

எல்லாம் பக்கத்து வீட்டு முத்துக்குமாரு மாமாவால் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் யாருக்கோ போனில் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது.

"மாங்காயளை ஆரோ ஆஞ்சுகொண்டு போகினம். திங்கக்கிழமை பொலிசிலை முறைப்பாடு எழுதி என்ட்ரி போடப்போறன்."

பறித்தது வேறு யாருமில்லை, தாரிகாவேதான். மாமா வீட்டு மாமரத்தின் கொப்பு வேலி தாண்டி தாரிகா வீட்டு வளவுக்குள் தொங்கியது. எங்கள் பக்கம் தொங்கினால் எங்களுக்குத்தானே என்று நினைத்து, ஏழு காய்களை உப்புத்தூள் தொட்டுத் தின்று தீர்த்திருந்தாள்.

அவளுடைய அம்மா சுவர்ணா, நீதிமன்றத்துக்குப் பக்கத்திலுள்ள சட்ட நூலகத்தில் நூலகர். சட்டப் புத்தகம் காக்கிறவரின் மகள் மாங்காய்க் கள்ளி என்று அரியாலை ஊர் முழுக்கக் கதைத்தால்? அம்மாவின் வேலையே போய்விட்டால்?

சனிக்கிழமை அம்மாவோடு நூலகத்துக்குப் போனாள். மெல்லக் கேட்டாள்.

"அம்மா, பக்கத்து வீட்டு மரக்கொப்பு எங்கடை வளவுக்கை வந்தால் காய் ஆருக்கு?"

இப்படிக் கேள்வி வந்தால் அம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியாது. உடனே தேசவழமைப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தார். யாழ்ப்பாணத்துப் பழைய வழக்கங்களை ஒல்லாந்தர் காலத்தில் எழுதிவைத்த சட்டம் அது.

"பாடுபட்டு நட்ட மரமெண்டால், கொப்பு எங்கை போனாலும் காய் நட்டவருக்குத்தான். புளி, இலுப்பை, வேம்பு எண்டால் வேறை. அதுகள் தானாய் முளைக்கிறது. கொப்பு ஆரின்ரை வளவுக்கு மேலை நிக்குதோ, காய் அவைக்கு. வடிவான சட்டமல்லே?"

தாரிகாவுக்கு அது வடிவாகத் தெரியவில்லை. மாமரம் புளியமரம் இல்லையே. அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிறு பின்னேரம். விடிந்தால் திங்கள். இனிப் பொறுக்க முடியாது என்று மாமா வீட்டுப் படலையைத் திறந்தாள்.

"மாமா, ஆஞ்சது நான்தான். ஏழு காய். அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது. அவவின்ரை பேரை என்ட்ரியிலை போடாதேங்கோ."

மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். ஏசினால்கூட இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"நீங்கள் பாடுபட்டு நட்ட மரம். காய் உங்களுக்குத்தான். புத்தகத்திலை கிடக்கு."

"ஆர் நட்டது?" என்றார் மாமா. "சண்டைக்குள்ளை நாங்கள் ஊரை விட்டுப் போகேக்கை அந்த மரம் இல்லை. கன வருசம் கழிச்சு வந்து பார்த்தால் வேலியோடை நிக்குது. ஆர் திண்டிட்டுக் கொட்டையை எறிஞ்சவையோ."

தாரிகா மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அப்ப அது தானாய் முளைச்சதோ?"

"ஓம்."

"அப்ப அது புளியமரம் மாதிரித்தான், மாமா. எங்கடை பக்கம் தொங்கிறது எங்களுக்கு." ஒரே மூச்சில் சட்டத்தைச் சொல்லி முடித்துவிட்டாள்.

மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"கள்ளனைத் தேடினால் அப்புக்காத்து வந்து நிக்குது. சரி பிள்ளை, என்ட்ரியும் இல்லை, ஒண்டும் இல்லை." அவர் காலத்து ஆட்கள் சட்டத்தரணியை அப்புக்காத்து என்றுதான் சொல்வார்கள். "கொம்மா என்ன சொன்னவ?"

தாரிகாவின் முகம் மறுபடி வாடியது.

"அம்மாட்டை இன்னும் சொல்லேல்லை. பயமாயிருக்கு. நீங்கள் வந்து எனக்காகக் கதைப்பியளோ?"

"அதுக்கென்ன. அப்புக்காத்துக்கும் ஒரு அப்புக்காத்து வேணும்தானே."

மாமா கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டு, கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு, தாரிகாவுக்கு முன்னால் நடந்தார்.