திரை காட்டாத வரி

காலையில் சோறு வடித்து இறக்கியதும் ஜெசிந்தா தொடர்பு மையத்துக்கு வந்துவிடுவாள். கடலடிச் சுரங்கத்துக்கு ஆளனுப்பிய தூத்துக்குடி வீடுகளில் அதுதான் வழக்கம். ஆழத்தில் சுவாசிக்கும் வாயுவில் குரல் கீச்சிட்டு உடைந்துவிடும், பேசினால் புரியாது. தலைக்கவசத்திலுள்ள எண்ணவாங்கிதான் நினைப்பதை எழுத்தாக்கி மேலே அனுப்பும்.

அன்று கணவன் அமலதாஸின் வரி வர நேரமானது. திரையில் சுட்டி ஓடியது, வரியின் தொடக்கத்துக்குத் திரும்பியது, மறுபடி ஓடியது. படிப்பதற்குள் எழுத்துகள் மறைந்தன. கடைசியில் ஒரு சொல் நின்றது: ‘நலம்.’

“மூணு எழுத்துக்கு இவ்வளவு நேரமா?”

திரைகளை இயக்கும் ரெஜினா, அமலதாஸின் தங்கை. “எழுதி அழிச்சிருப்பான் மைனி. எழுத்தோட கட்டளைக் குறியும் சேர்ந்து வரும். ‘வரித் தொடக்கம்’னு வந்தா சுட்டி முதலுக்குப் போயிரும், அடுத்த எழுத்து பழசு மேலயே உக்காரும். ‘வரி அழி’ன்னா அழிச்சிரும். திரை குறியைக் காட்டாது, சொன்னதைச் செய்யும்.”

“காட்டவே காட்டாதா?”

“மூலநிலையில காட்டும். அதுல எதுவும் அழியாது. ஆனா திறக்கக்கூடாது. அழிச்சது சொல்லாததுக்குச் சமம், அதான் சட்டம்.”

“அவருக்கு என்னமோ ஆகுது ரெஜினா. திற.”

ரெஜினா கதவைப் பார்த்துவிட்டுத் திறந்தாள்.

மூச்சு இறுகுது <வரித் தொடக்கம்> <வரி அழி> பயமா இருக்கு ஜெசி <வரித் தொடக்கம்> <வரி அழி> மேல வந்தா ஜெசி மூஞ்சியிலதான முழிக்கணும் <வரித் தொடக்கம்> <வரி அழி> நலம்.

ரெஜினா சட்டென்று திரையைக் கையால் மறைத்தாள். ஜெசிந்தா அதற்குள் படித்துவிட்டிருந்தாள்.

“அவரைத் தூக்கக் கீழ ஆள் அனுப்பச் சொல்லு.”

“எப்படித் தெரியும்னு கேப்பாங்களே மைனி!”

“நான்தான் திறந்தேன்னு சொல்லு.” அபாய விசையை அவளே அழுத்தினாள்.

அமலதாஸை மேலே கொண்டுவந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. கீழே அவன் அறையின் வாயு வடிகட்டி கிழிந்திருந்ததாம். அழுத்தம் குறையும்வரை அவனை இரும்பு அறையில் வைத்தார்கள். அங்கும் கவசம் வழியாகத்தான் பேச்சு. வட்டக் கண்ணாடிக்கு வெளியே ஜெசிந்தா நின்றாள். பக்கத்துத் திரையில் எழுத்து வந்தது.

‘எல்லாத்தையும் படிச்சியா?’

“படிச்சேன்.”

‘ஒரு நொடி வந்த நினைப்பு. அதான் அழிச்சேன்.’

“எனக்கும் வரும் அப்படி. எனக்குத் திரை இல்ல, அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டாளே தவிர, கண்ணீர் வந்துவிட்டது. அவன் கவசத்தைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

மூலநிலையைத் திறந்த செய்தி கடலடிக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் ஜெசிந்தா வந்தபோது மையத்தில் எல்லாத் திரைகளும் வெறுமையாக இருந்தன. கீழே ஒருவரும் கவசம் மாட்டவில்லை. கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி அவளை வழிமறித்தாள்.

“எங்க வீட்டுக்காரர் உசிரோட இருக்காரா இல்லையான்னு நான் எப்படிக்கா தெரிஞ்சுக்கிறது?”