எட்டு விரல்களில் ஓர் எண்

இல்லாத சுண்டுவிரல்தான் வலித்தது. போன மாதம் கல் அறுக்கும் பட்டறையில் அதுவும் மோதிர விரலும் ஒன்றாகப் போயின. பக்கத்து நடுவிரல் கட்டுக்குள் அழுகிக்கொண்டிருந்தது.

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பால்பாண்டி பழக்கத்தில் வலது கையை நீட்டினான். கிளாஸ் நழுவியது. டீ முழுக்கப் பக்கத்தில் இருந்தவளின் நோட்டில்.

“கண்ணு தெரியலையாண்ணே?”

நிமிர்ந்தவள் கட்டைப் பார்த்தாள். மழைத்துளி நின்ற இமைகள் தாழ்ந்தன... அந்தக் கண்கள் அவனுக்குப் பிடித்தன. அவற்றில் வந்த இரக்கம் பிடிக்கவில்லை.

“புது நோட்டு வாங்கித் தாரேன். உச்சுக் கொட்டாதீங்க.”

“யாரு கொட்டுனா? இருநூறு பக்கம், கோடு போடாதது. மறந்துராதீங்க!”

சிரித்துவிட்டான். மழை விடவில்லை. பேர் ரூத் என்றாள். நாகமலை புதுக்கோட்டையில் கணித ஆராய்ச்சி. அவனும் பேரைச் சொன்னான்.

“நாளைக்குப் பெரியாஸ்பத்திரியில இந்த நடுவிரலையும் எடுக்கணுமாம். நான் போகல. ஏழு விரலுக்கு எவன் வேலை குடுப்பான்?”

“போகலைன்னா?”

“கையே போகுமாம்.”

அவள் பேனாவைத் திறந்தாள். “ரெண்டு கையையும் கவுத்து வைங்க.”

இடது சுண்டுவிரலில் தொடங்கி, விரலுக்கு ஓர் இலக்கம். 7, 3, 9, 3, 9, 1, 3... கடைசி 3 கட்டுத்துணியின் மேல்.

“ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம். பகா எண். ஒன்னையும் தன்னையும் விட்டா வேற எதாலயும் மிச்சமில்லாம வகுக்க முடியாது. கடைசி மூணை வெட்டுங்க, மிச்சமும் பகா எண். இன்னொன்னு வெட்டுங்க, அதுவும். ஒத்தை ஏழு வரைக்கும் கெடாது. இந்த மாதிரி எண்ணுல இதுதான் ஆகப் பெரிசு.”

“பின்னாடி ஒன்னு சேத்தா?”

“எதைச் சேத்தாலும் கெட்டுரும்.”

“அப்ப வெட்டத்தான் முடியும். சேர ஒருத்தரும் வர முடியாது. அம்புட்டுத்தானே?” கையை இழுத்துக்கொண்டான். “பரிதாபத்துக்குக் கணக்கு வேற.”

மழையில் இறங்கி நடந்தான்.

மறுநாள் கட்டுத்துணியில் அந்த 3 கலங்கிப்போய், ஆனாலும் படிக்கும்படி இருந்தது. வெட்டினாலும் மிச்சம் கெடாது என்றாளே. ஆஸ்பத்திரிக்குப் போனான். விரலை எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் அவள் வந்து நின்றாள்.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“விரல்ல நம்பர் எழுதுன ஆளு எங்கன்னு வார்டு வார்டா கேட்டேன். நர்ஸம்மா சிரிக்கிறாங்க.” குரல் இறங்கியது. “எண்ணுக்குத்தான் பின்னாடி சேர முடியாது... எனக்கு முடியும். அன்னைக்கு அண்ணேன்னு கூப்பிட்டேன்ல... அதை அழிச்சிருங்க, பால்பாண்டி.”

“வேலை போயிருச்சு. ஒங்க வீட்டுல என்னைச் செருப்பால அடிப்பாக.”

“அடிக்கட்டும்.”

அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். “அன்னைக்குப் பாதி தூரம் போயித் திரும்பி ஓடியாந்தேன்... நீங்க பஸ் ஏறிட்டீங்க.”

அவள் விரல்கள் மெல்ல நகர்ந்து அவன் ஏழு விரல்களுக்குப் பக்கத்தில் வந்து படுத்தன.

“சரி, என் நோட்டு எங்க?”

இருநூறு பக்கம், கோடு போடாதது. அது இன்னும் பாக்கி.