இரவல் குரல்

பிழைப்புக்காக வெளிநாடு வந்த டேப் அந்தக் கட்டடத்தில் இறங்கியது ஒரு பட்டப்பகலில். முன்பக்கம் கடலைப் பார்த்த விடுதிகள். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஊர் சுற்ற வந்தவர்கள் அங்கே படுத்து எழுந்தார்கள். அவர்கள் கசக்கிப் போட்ட விரிப்புகளை வெளுக்கும் சலவை ஆலை பின்பக்கம் இருந்தது. ஆலையின் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றது தொழிலாளர் குடியிருப்பு, பழைய மூன்று மாடி. வெளியே வெயில் கொளுத்தினாலும் படிக்கட்டு இருட்டாகவே கிடக்கும். பிளீச்சிங் பவுடர் வாடையும் ஈரத்துணி வாடையும் அங்கேயே குடியிருந்தன. சுவருக்குள் ஓடிய நீராவிக் குழாய்கள் ஓயாமல் உஸ்... உஸ்... என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

இரண்டாம் மாடித் திருப்பத்தில், சுவரில் ஒரு டெலிபோன் தொங்கியது. கார்டு போட்டுப் பேசுவது. முகம் பார்த்துப் பேசும் வசதியெல்லாம் வராத காலம். அங்கிருந்த அத்தனை பேருக்கும் பெண்டாட்டி பிள்ளை எல்லாம் அந்தக் கறுப்பு ரிசீவருக்குள்தான் இருந்தார்கள்.

டேப் என்பது அறைக்காரர்கள் வைத்த பெயர். எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அச்சு அசலாகத் திருப்பிப் போடுவான். வந்த முதல் வாரமே கதவுக்குப் பின்னால் நின்று, மேஸ்திரி குரலில் "போதும்யா, எல்லாரும் கிளம்புங்க" என்று சொல்லி ஒரு ஷிப்டையே கலைத்துவிட்டு, மேஸ்திரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அந்தக் குறும்பு மெல்ல ஒரு வழக்கமாகிப் போனது. இரட்டை ஷிப்டில் மாட்டிக்கொண்டவன் டேப்பின் தாடையைப் பிடித்துக் கெஞ்சுவான். "டேப்பு, என் வீட்டுக்கு ரெண்டே நிமிஷம் பேசிடுடா. நல்லாருக்கேன், சாப்பிட்டேன், தூங்கப் போறேன். அவ்வளவுதான்." டேப் படியேறிப் போய் அவன் குரலில் பேசிவிட்டு வருவான். ஒரு மனைவிக்கும் சந்தேகம் வந்ததில்லை. வாரக்கணக்கில் குரலுக்காகக் காத்துக் கிடக்கும் பெண்களுக்கு இது ஓர் உபகாரம் என்றுகூட அவன் நினைத்துக்கொண்டான்.

தன் வீட்டுக்கு மட்டும் சொந்தக் குரலில் பேசுவான். ஐந்து மாதக் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு விமானம் ஏறியவன் அவன். இப்போது பாப்பாவுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. போட்டோவைக் காட்டி அப்பா என்றால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாளாம். போனில் இவன் "பாப்பா" என்றால் போதும், "அப்பா!" என்று குதிப்பாள். அந்தக் குரலைத் தவிர அவளுக்கு வேறு அப்பா கிடையாது.

அடுத்த கட்டிலில் படுத்தவன் மாப்பிள்ளை. கல்யாணமாகி நாற்பதாம் நாள் இங்கே வந்து சேர்ந்ததால் அந்தப் பெயர். மனைவிக்கு எட்டாம் மாதம். ஒரு நாள் காலை பத்து மணிக்கு, உலர்த்தி இயந்திரத்தின் பின்னால் நீராவிக் குழாய் வெடித்தது. மாப்பிள்ளை வாயைத் திறந்து கத்தியிருக்கிறான். திறந்த வாய்க்குள்ளேயே நீராவி போய்விட்டது.

மருத்துவமனையில் அவன் முகம் முழுக்கத் துணி சுற்றியிருந்தது. கண் இரண்டும் மூச்சு விட ஒரு ஓட்டையும்தான் மிச்சம். தொண்டை உள்ளே வெந்துபோயிருந்தது. டேப்பைப் பார்த்ததும் கையை நீட்டி அவன் தொண்டையில் ஒரு விரலை வைத்து அழுத்தினான்.

"புரியுது மாப்பிள்ளை. நான் பேசிக்கிறேன். வீட்டுக்குத் தெரியாமப் பாத்துக்கிறேன்."

மாப்பிள்ளை தலையை ஆட்டினான். இல்லை, இல்லை என்பதுபோல்தான் இருந்தது. வலியில் ஆட்டுகிறான் என்று டேப் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். விரல் இன்னும் அழுத்தியது. நர்ஸ் வந்துதான் பிரித்துவிட வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை செத்துப்போனான்.

"எட்டு மாசம்யா," என்றார் மேஸ்திரி. "இப்பச் சொன்னா ரெண்டு உசுரு போயிடும். பொறக்கட்டும். நானே பக்குவமாச் சொல்றேன். அதுவரைக்கும் நீ சமாளி."

டேப் சமாளித்தான். ஆண் குழந்தை பிறந்தது. பச்சை உடம்புக்காரி, கொஞ்சம் போகட்டும் என்றார் மேஸ்திரி. அப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. டேப்பும் எடுக்கவில்லை. உண்மையைச் சொல்லப்போனால், அவனுக்கு அது பிடித்திருந்தது. அவன் மனைவி இரண்டு வாக்கியத்தில் பேச்சை முடிப்பவள். மாப்பிள்ளையின் மனைவியோ, "ஏங்க, உங்க குரலைக் கேட்டாத்தாங்க எனக்குச் சோறு இறங்குது" என்பாள். அதைக் கேட்கவே வாரத்துக்கு மூன்று தடவை படியேறினான்.

பிணவறை அவனைப்போல் காத்திருக்கவில்லை. உறவினர் கையெழுத்து வேண்டும் என்று ஆலைக்கு இரண்டு கடிதம் வந்தது. வீட்டுக்கே தெரியாதபோது யார் கையெழுத்துப் போடுவது? 'உரிமை கோர யாரும் இல்லை' என்று எழுதி, ஊர்க்கோடியில் புதைத்து, ஒரு கட்டையில் வெறும் நம்பரை எழுதி நட்டார்கள். அந்த நேரத்தில் டேப் மாடித் திருப்பத்தில் நின்று, மாப்பிள்ளையின் குரலில் மாப்பிள்ளையின் மகனைக் கொஞ்சிக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள்.

"காலையிலயும் பேசினீங்க, இப்பவும் பேசுறீங்க. மகன் வந்ததும் மனுஷன் தலைகீழா மாறிட்டீங்க."

காலையில் அவன் பேசவில்லை.

"காலையில... நான் என்ன சொன்னேன்?" குரல் பிசகாமல் கேட்டான்.

"எங்க சொன்னீங்க? மூச்சுதான் விட்டுக்கிட்டே இருந்தீங்க. உஸ்... உஸ்...னு. நான்தான் பேசிக்கிட்டிருந்தேன். கடைசியில குசுகுசுன்னு, 'இன்னும் கொஞ்ச நாள்ல நல்லாப் பேசிடுவேன்'னு சொன்னீங்க. தொண்டை கட்டியிருக்குதாங்க?"



ரிசீவரை வைத்தான். படிக்கட்டில் யாரும் இல்லை. சுவருக்குள் குழாய் மட்டும் மூச்சு விட்டது.

அது குழாய்தானா என்று சுவரில் கை வைத்துப் பார்த்தான்.

சுவர் சில்லென்று இருந்தது. அன்று கொதிகலனைத் துடைக்கும் நாள். குழாயில் நீராவியே இல்லை.

இரண்டு நாள் கழித்து, ஆலையில் வேலை நடக்கும்போது அவன் தொண்டைக்குள் சுடச்சுட ஏதோ இறங்கியதுபோல் இருந்தது. தண்ணீர் கேட்டு அறைக்காரன் ஒருவனைக் கூப்பிட்டான். விரிப்பு மடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். ஒருவன் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டான்.

"டேய், செத்தவன் குரல்ல பேசாதடா. பாவம்டா."

"நான் பேசலடா," என்றான் டேப்.

அதுவும் மாப்பிள்ளையின் குரலில்தான் வந்தது.

கழிவறைக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான். மேஸ்திரி குரலை முயன்றான். வரவில்லை. ஒவ்வொன்றாக, அவனுக்குத் தெரிந்த அத்தனை குரலையும் தேடினான். கடைசியாகத் தன் சொந்தக் குரலைத் தேடினான். எதைத் திறந்தாலும் ஒருவனே வெளியே வந்தான்.

மதிய இடைவேளையில் நேரே படியேறினான். முதலில் மாப்பிள்ளை வீட்டுக்கு. இனியாவது உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட்டால் மாப்பிள்ளை தன்னை விட்டுவிடுவான் என்று ஒரு நப்பாசை.

"நான் உன் புருஷன் இல்லம்மா. அவன் செத்துட்டான். நான் அவன்கூட வேலை செய்யிறவன். எல்லாம் பொய்."

அவள் கலகலவென்று சிரித்தாள். "நல்லாருக்கு! நீங்களே பேசிக்கிட்டு, நீங்களே செத்துட்டேன்னு சொல்றீங்க. இப்படியெல்லாம் வெளையாடாதீங்க, குழந்தை முழிச்சிக்கும்."

மன்றாடினான். அழுதான். அவள் நம்பவே இல்லை. அவ்வளவு நன்றாக வந்திருந்தது குரல்.

அடுத்துத் தன் வீட்டு நம்பரை அழுத்தினான்.

"நான்தான்," என்றான்.

"யாருங்க வேணும்?" மனைவியின் குரல், அந்நியரிடம் பேசும் மரியாதையோடு.

"நான்தான்டி. உன் புருஷன்."

"ராங் நம்பர். எங்க வீட்டுக்காரர் இப்பத்தான் பாப்பாகூடப் பேசிட்டு வெச்சாரு."

"வெச்சிடாத! உன் வலது முட்டியில தழும்பு இருக்கு. நான் கிளம்பின அன்னிக்கு நீ வாசலுக்கே வரல. போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வராமத்தான் சமையல்கட்டுல நின்னேன்னு அப்புறம் லெட்டர்ல எழுதினியே!"

அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம். அவள் பயந்துவிட்டாள். "இதெல்லாம்... இதெல்லாம் அவரு உங்ககிட்டச் சொன்னாரா?"

"பாப்பாகிட்டக் குடு. ஒரே ஒரு தடவை. அவளுக்குத் தெரியும். அவளுக்கு என்னைத் தெரியும்."

என்ன நினைத்தாளோ, ரிசீவர் கை மாறியது. குட்டி மூச்சு ஒன்று காதருகே வந்து நின்றது.

மூன்று வருஷப் பாசத்தையும் திரட்டி அவன் கூப்பிட்டான்.

"பாப்பா."

மறுபடியும் கூப்பிட்டான்.

"பாப்பா... அப்பாம்மா."

"அம்மா, அந்த மாமாதாம்மா," என்று அவள் அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வது கேட்டது. பிறகு ரிசீவரை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தெரிந்தவரிடம் பேசுவதுபோலச் செல்லமாகச் சொன்னாள்:

"மாமா, அப்பா சொன்னாரு. செத்துப்போன மாமா ஒருத்தர் போன் பண்ணி அழுவாரு, நீ பயப்படாதேன்னு."

அவள் பயப்படவில்லை. டாட்டா சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தாள்.