இன்சொல்லி

"சோறு வேகல. வெறும் அரிசியால்லா கெடக்கு" என்றாள் இசக்கி. வாய் அசைந்தது அப்படித்தான். உணவுக்கூடத்தில் ஒலித்தது வேறு.

"இன்றைய சோறு சற்றே மாறுபட்ட பதத்தில் இருக்கிறது. மிக்க நன்றி."

பரிமாறியவர் புன்னகைத்து, இன்னொரு கரண்டி வைத்துவிட்டுப் போனார்.

தொண்டைக்குழியில் ஒட்டியிருந்த நகமளவு வில்லைக்கு இன்சொல்லி என்று பெயர். பேசுகிறவரின் ஒலியை அது எதிரலையால் அழித்துவிடும். பிறகு அவர் குரலிலேயே திருத்திய சொற்களை வெளியே விடும். இழுவை, ஊர்ப்பேச்சு, வசவு, எரிச்சல் எதுவும் மிஞ்சாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதலாண்டு மாணவனை, அவன் பேச்சைக் கேலி செய்து செய்தே படிப்பை விட்டு ஓட வைத்திருந்தார்கள். அதன் பிறகு வந்த ஏற்பாடு இது. கல்லூரி வளாகத்துக்குள் மாணவர், ஆசிரியர், ஊழியர் எல்லாருக்கும் கட்டாயம். இதற்காக ஊக்கத்தோடு உழைத்தவர் பெண்கள் விடுதிக் காப்பாளர் சாருலதா. கேலி ஒழிந்தது என்னவோ உண்மைதான்.

திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த இசக்கிக்கு முதல் வாரம் பெருமையாகவே இருந்தது. வகுப்பில் கேள்வி கேட்டால் யாரும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கவில்லை. அடுத்த மாதமே எரிச்சல் தொடங்கியது. சரியாக எழுதிய விடைக்கு மதிப்பெண் குறைத்த ஆசிரியரிடம் சண்டைக்குப் போனாள். சண்டை முடிந்தபோது, அவளுடைய பணிவை அவர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். அன்றைக்கு விடுதிக்குத் திரும்பித் தலையணையைக் குத்திக் கிழித்தாள்.

அவளுடைய அறைத்தோழி பவளக்கொடி கிருஷ்ணகிரிக்காரி. வீட்டு ஏக்கத்தில் தினமும் அழுவாள். தொலைபேசியில் அம்மாவிடம், என்னை வந்து கூட்டிப்போ என்று கெஞ்சுவாள். நான் இங்கே மிகவும் நலம் என்று அந்தப் பக்கம் கேட்கும். மகள் எவ்வளவு அழகாகப் பேசக் கற்றுக்கொண்டாள் என்று அம்மா பூரித்துப்போவாள். இந்தத் தொல்லை தாங்காமல் தோழிகள் இருவரும் அறைக்குள் ஒலியைக் கணக்கில் எடுப்பதையே விட்டுவிட்டார்கள். ஒருத்தி உதட்டை ஒருத்தி பார்த்தே பேசப் பழகிக்கொண்டார்கள்.

பருவத்தேர்வு நெருங்கிய ஒரு நாள், வகுப்பு முடிந்து வந்த இசக்கி, பவளக்கொடி தரையில் சுருண்டு கிடப்பதைக் கண்டாள். உடம்பு கொதித்தது. வலது அடிவயிற்றைப் பிடித்திருந்த கையை எடுக்கவே அவளால் முடியவில்லை. காலையிலேயே காப்பாளரிடம் போய்ச் சொன்னேன், ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார் என்று உதடு மட்டும் அசைந்தது.

இசக்கி காப்பாளர் அறைக்கு ஓடினாள். தொண்டை கிழியக் கத்தினாள். தங்கள் மேலான கவனத்துக்கு ஒரு சிறு தகவல் என்று தொடங்கி, தோழிக்கு வயிற்றில் இலேசான அசௌகரியம் என்று முடித்தது இன்சொல்லி. சாருலதா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், காலையிலேயே மாத்திரை கொடுத்துவிட்டதாகவும் நாளை மருத்துவரிடம் அனுப்பலாம் என்றும் கனிவாகச் சொன்னார்.

அந்தக் கனிவுதான் இசக்கிக்கு வெறியேற்றியது. நகத்தை வில்லைக்கடியில் கொடுத்துப் பிய்த்தாள். தோலும் சேர்ந்து வந்தது. சுவரில் எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது.

"அங்க ஒரு பிள்ள செத்துக்கிட்டுக் கெடக்கா. நீங்க நாளைக்கிங்கிய. இப்ப எந்திச்சு வாரியளா, இல்ல அவளத் தூக்கிட்டு வந்து ஒங்க மேச மேல போடட்டுமா?"

சாருலதா பதறி எழுந்தார். அந்த வளாகத்தில் பல மாதங்களில் அவர் கேட்ட முதல் கோபம் அது. வண்டி வந்தது. குடல்வால் வெடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் அறுவை மருத்துவர்.

பவளக்கொடி பிழைத்தாள். அவளை அவள் பெற்றோர் ஊருக்கு அழைத்துப் போய்விட்டார்கள். இசக்கி மீது, விதிமீறி வில்லையைக் கழற்றினாள் என்று சாருலதாவே அறிக்கை எழுதினார். இனி யாரும் பிய்க்க முடியாதபடி, கரைப்பான் ஊற்றினால் மட்டுமே கழலும் புதிய வில்லையை எல்லாருக்கும் ஒட்ட வேண்டும் என்று பரிந்துரைத்ததும் அவர்தான். ஒட்டினார்கள். அவருக்கும்.

பிறகு விசாரணைக் குழு கூடியது. நீள்மேசையின் ஒரு பக்கம் இசக்கி, எதிரே சாருலதா. உறுப்பினர்கள் அவரவர் திரையில் குனிந்திருந்தார்கள். தலைவர் முடிவை வாசித்தார். மாணவிக்கு எச்சரிக்கை. நோயாளி காலையிலேயே தெரிவித்திருந்தும் மெத்தனமாக இருந்த காப்பாளர் பணிநீக்கம். இன்சொல்லியில் குறை ஏதுமில்லை.

இசக்கி நிமிர்ந்து பார்த்தாள். சாருலதாவின் முகம் சிவந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவர் உதட்டை இசக்கியால் தெளிவாகப் படிக்க முடிந்தது.

பொய், அந்தப் பொண்ணு வலியில துடிச்சது எனக்குக் கேக்கவே இல்ல, இந்தச் சனியன்தான் மாத்திச் சொல்லுச்சு, மொதல்ல இதக் கழட்டுங்க என்று அவர் கத்திக்கொண்டிருந்தார்.

"குழுவின் முடிவு மிக நியாயமானது. நிறுவனத்தின் நலன் கருதி மனமார ஏற்கிறேன்" என்றது அவர் குரல்.

சொன்னது தன் வாயா என்று சாருலதா தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி கத்தினார். நன்றிதான் வந்தது.

இசக்கிக்கு அவர் மேல் இருந்த ஆத்திரம் ஆறவில்லை. அவருக்காகப் பேச அவளுக்கு விருப்பமும் இல்லை. ஆனால் நடக்கிற அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்று, அவிய சொன்னது அது இல்ல, எங்க ரெண்டு பேரு வாயையும் அடச்சு வச்சிருக்கிய என்று அலறினாள்.

"அவர் சொன்னதை நானும் வழிமொழிகிறேன். எங்கள் இருவருக்கும் பேச வாய்ப்பளித்தமைக்கு நன்றி."

தலைவர் திரையைப் பார்த்தபடியே மகிழ்ந்து தலையசைத்தார். இரு தரப்பும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டதாகப் பதிவு செய்யச் சொன்னார்.

சாருலதா இசக்கியை உற்றுப் பார்த்தார். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பது அவருக்கு அப்போது புரிந்தது. இரு கைகளையும் முஷ்டியாக்கி மேசையில் ஓங்கி அடித்தார். இசக்கியும் அடித்தாள். மேசை அதிர்ந்தது.

உறுப்பினர்கள் திரையிலிருந்து தலையைத் தூக்கினார்கள். அவர்களும் புன்னகையோடு மேசையைத் தட்டி முடிவை வரவேற்றார்கள்.