கண்ணாடிக் கதவில் ஒரு கோலம்

தைப்பொங்கலுக்கு முதல் நாள் நிலாணியின் அம்மா வீட்டின் பின்பக்கக் கண்ணாடிக் கதவைத் துடைத்தார். சும்மா துடைக்கவில்லை. குளிரில் வெளியே நின்று, கை சிவக்கச் சிவக்கத் துடைத்தார். கடைசியில் அங்கே கதவு இருக்கிறதா, இல்லையா என்றே தெரியவில்லை. கனடாவின் ரூஜ் பகுதியில் அப்படி ஒரு கண்ணாடி வேறு எந்த வீட்டிலும் இருக்காது!

"நாளைக்குப் பக்கத்து வீட்டுக் கிளடிஸ் அக்கா வருவா. ஒரு கைரேகை இருந்தாலும் கண்டுபிடிச்சிடுவா," என்றார் அம்மா.

அப்போதுதான் பின்வளவில் விதை போட்டிருந்த தட்டில் மஞ்சள் குருவிகள் கூட்டமாக வந்து இறங்கின. தடித்த சொண்டு, கறுப்பும் வெள்ளையுமாகச் செட்டை. நிலாணி துள்ளிக் குதித்தாள்.

"அம்மா, ஈவ்னிங் குரோஸ்பீக்! வடக்குக் காட்டுக் குருவி. அங்க விதை குறைஞ்சால்தான் இந்தப் பக்கம் வரும். எங்கட வகுப்பில ஒருத்தரும் கண்டதில்லை."

"தின்னுற தீனியைப் பார்த்தால் வடக்கில ஒண்டுமே கிடைக்கேல்லைப் போல," என்றார் அம்மா.

டங்!

ஒரு குருவி கண்ணாடியில் மோதிப் பனியில் விழுந்தது. நிலாணி ஓடிப்போய் அதை மெதுவாகத் தூக்கினாள். சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் விட்டாள். நல்ல காலம், கொஞ்ச நேரத்தில் உள்ளே படபடவென்று சத்தம் கேட்டது. வெளியே கொண்டுபோய்த் திறந்ததும் அது மேப்பிள் மரத்துக்குப் பறந்தது.

ஆனால் மற்றக் குருவிகள் இன்னும் தட்டில்தான் இருந்தன. நிலாணி திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு வெளியே போய்ப் பார்த்தாள். கண்ணாடியில் வானமும் மரமும் முன்னைவிட வடிவாகத் தெரிந்தன.

"அதுகளுக்குக் கண்ணாடி தெரியேல்லை அம்மா, மரம்தான் தெரியுது. இந்தக் குருவி முந்தி நிறைய இருந்ததாம். இப்ப குறைஞ்சு போச்சு. கவனமாப் பாக்க வேண்டிய பறவை எண்டு கனடாவில சொல்லியிருக்கினம். கண்ணாடியில அடிபட்டுச் சாகிறதும் ஒரு காரணம்."

"அதுக்கு என்ன செய்யிறது?"

"வெளிப்பக்கம் முழுக்கக் கிட்டக் கிட்டப் புள்ளி வைக்க வேணும்."

"நான் இவ்வளவு நேரம் துடைச்ச கண்ணாடியிலயோ?"

அம்மாவின் முகம் வாடியது. நிலாணிக்குப் பாவமாக இருந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

"பொங்கலுக்கு வாசல் முத்தத்தில கோலம் போடுறனீங்கள்தானே? முத்தம் முழுக்க ஸ்னோ. இந்த முறை கதவில போடுவம்."

அம்மா சிரித்துவிட்டார். "உன்னோட கதைச்சு வெல்லேலாது."

நிலாணி வெள்ளைச் சவர்க்காரக் கட்டியால் மூன்று விரல் இடைவெளியில் புள்ளி வைத்தாள். அம்மா கதிரையில் ஏறி நின்று, புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைத்தார். "உந்தப் புள்ளி கோணல், அழிச்சுப் போடு," என்று அதிகாரம் வேறு!

அடுத்த நாள் கிளடிஸ் அன்ரி பொங்கல் புக்கைக் கிண்ணத்தோடு கதவருகே வந்து நின்றார்.

"என்ன மங்கை, பொங்கலுக்குக் கண்ணாடி துடைக்கேல்லையோ?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அப்போது தட்டிலிருந்து ஒரு மஞ்சள் குருவி கதவை நோக்கி நேராகப் பறந்து வந்தது. நிலாணி அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். கோலத்துக்குக் கிட்டே வந்ததும் குருவி சட்டென்று திரும்பி, மேலே எழும்பி, மரத்தில் போய் உட்கார்ந்தது.

கிளடிஸ் அன்ரி கிட்டே போய்ப் புள்ளிகளைக் குனிந்து பார்த்தார்.

"துடைச்சனான் அக்கா," என்றார் அம்மா, தலையை நிமிர்த்தி. "பிறகு என்ர மகள் அதைத் திருத்தினவள்."