ஒரே படம், எட்டு மாடி

எட்டாவது மாடியிலிருந்து ஒரு சுற்றுப் படி இறங்கிய வாரிக், ஏழாவது மாடிக் கதவில் 3 என்று எழுதியிருப்பதைப் பார்த்து, பெயிண்டர் தூக்கக் கலக்கத்தில் எழுதியிருப்பான் என்று நினைத்துக்கொண்டான். எண்ணுக்குக் கீழே வெள்ளை பெயிண்ட் ஒழுகி, பல்லி வால் மாதிரி வளைந்து காய்ந்திருந்தது.

இந்தக் கட்டடத்துக்குள் அவன் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. ஆனால் தீப்பிடித்தால் ஜனங்கள் தப்பிக்கும் இந்தப் படிக்கட்டை மாடி மாடியாகப் பார்த்தேன், எல்லாம் சரி என்று நான்கு வருடத்துக்கு முன்பு சான்றிதழில் கையெழுத்துப் போட்டவன் அவன்தான். பரமட்டா நகரத்தில் அப்போது கட்டடங்கள் மழைக்காளான் மாதிரி முளைத்தன. கட்டுகிறவன் போனில் படம் அனுப்புவான். சான்றிதழ்க்காரன் வீட்டிலிருந்தபடியே கையெழுத்துப் போடுவான். இந்தக் கட்டடத்துக்கு வந்தது ஒரே ஒரு படம். அதை வைத்து எட்டு மாடிக்கும் போட்டான்.

இப்போது சுவர்கள் விரிசல் விட்டு நாற்பது குடும்பங்கள் வெளியேறிவிட்டன. கட்டிய கம்பெனி கடையை மூடிவிட்டது. அகப்பட்டது வாரிக்கின் கழுத்துதான். பார்க்காமல் போட்டது தெரிந்தால் காப்பீட்டுக்காரனும் கைவிரித்துவிடுவான். சொந்த வீடு போகும். நாளைக் காலை தீர்ப்பாயத்தில் ‘நேரில் பார்த்தேன்’ என்று அவன் சத்தியம் செய்ய வேண்டும். உள்ளே எப்படி இருக்கும் என்று வக்கீல் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டாமா?

அதற்காகத்தான் மதியம் மூன்று மணிக்கு வந்தான். காவலுக்கு இருந்த டோங்கா தீவுக்காரர் சலேசி, லிஃப்டில் கூட்டிப்போய் மேலே விட்டார்.

"படியில இறங்கி வாங்க பாஸ். நடுவுல எந்தக் கதவும் படிப்பக்கத்துலேர்ந்து திறக்காது. கீழ இருக்கிற கதவு ஒண்ணுதான் வெளிய விடும்."

"தெரியும்யா. நான் சரின்னு சொன்ன கதவுதானே."

"அதான் பயமா இருக்கு," என்று சிரித்தார் சலேசி.

ஆறாவது மாடியிலும் 3. அதே பல்லி வால். நேற்றுப் பூசியது போல ஈரச் சிமெண்டு வாசனை வந்தது. கீழே எங்கோ யாரோ செருப்புத் தேய இறங்கும் சத்தமும் கேட்டது, அவன் நின்றால் அதுவும் நின்றது. எதிரொலிதான் என்று சொல்லிக்கொண்டான். போனில் அந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்துக் கதவின் பக்கத்தில் பிடித்தான். ஒரு மயிரிழை வித்தியாசமில்லை. படத்திலும் கதவு சாத்தித்தான் இருந்தது.

இறங்கினான். 3. இன்னும் இறங்கினான். 3. பத்து மாடி ஆயிற்று. பன்னிரண்டு. கட்டடமே எட்டு மாடிதான்.

கீழ்க் கதவு வரவில்லை. அந்தக் கதவின் படம் அவனுக்கு வந்ததே இல்லை.

போனில் சலேசியைக் கூப்பிட்டான்.

"சலேசி, வந்து கதவைத் திறய்யா. மாட்டிக்கிட்டேன்."

"யாரு?"

"வாரிக்."

"விளையாடாதீங்க. அவர் மூணே முக்காலுக்கே கிளம்பிட்டாரு. புத்தகத்துல கையெழுத்து இருக்கு."

"நான் உள்ளதான்யா இருக்கேன்."

"நேர்ல பார்த்து அனுப்பினேன். கையைக் காட்டிட்டு காரை எடுத்துட்டுப் போனாரு. நாளைக்குக் காலையில சத்தியம் பண்ணணுமாம், சீக்கிரம் தூங்கணும்னாரு." சலேசியின் குரல் தாழ்ந்தது. "நீ யாரு பேசறது?"

போன் அணைந்தது.

வாரிக் கதவைக் குத்தினான். கத்தினான். அவன் நிறுத்திய பிறகும், கீழே கதவுகளைக் குத்தும் சத்தம் ஒவ்வொன்றாகத்தான் ஓய்ந்தது.

படிக்கட்டின் கைப்பிடியில் சாய்ந்து எட்டிப் பார்த்தான்.

கீழ் மாடியில் ஒருவன் கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தான். இதே நீலச் சட்டை. பின்மண்டையில் இதே வழுக்கை. அவனுக்குக் கீழே இன்னொருவன். அவனுக்கும் கீழே. வெளிச்சம் எட்டும் மட்டும்.

ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வாரிக்கும் நிமிரவில்லை. அவன் பிடரியில், மேலேயிருந்து, யாரோ விட்ட மூச்சு சூடாகப் பட்டது.